பெட்ரோல் ஊற்றும் இஸ்திரிப் பெட்டி கிடைத்திருக்கிறது, பற்றவைத்துப் பார்க்கலாமா?

செல்வம் (விச்சிடா, கான்சஸ்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருக்கோடி வீட்டில் 91 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். போன சனிக்கிழமை அவருடைய கராஜைக் காலி செய்ய நானும் மனைவியும் போயிருந்தோம். கிளம்பும் நேரத்தில் பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பிரித்தால் இஸ்திரிப் பெட்டி.

உடம்பு முழுக்க நீல எனாமல். மேலே மரக் கைப்பிடி. பின்பக்கம் உருண்டையாக ஒரு சின்னத் தொட்டி, அதற்குத் திருகு மூடி, ஓரத்தில் ஒரு வால்வு. சைக்கிள் பம்பின் குட்டி மாதிரி ஒரு கைப்பம்பும் கூடவே இருந்தது. கோல்மன் என்று பெயர் போட்டிருக்கிறது. கரி போட வழியில்லை, வயரும் இல்லை. இதில் என்னதான் எரியும் என்று கேட்டேன். பெட்ரோல் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாட்டி பிறந்து வளர்ந்தது ஊருக்கு வெளியே ஒரு கோதுமைப் பண்ணையில். திங்கட்கிழமை துவைப்பு, செவ்வாய்க்கிழமை தேய்ப்பு. அம்மா இதைப் பற்றவைக்கும்போது பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டுமாம். புஸ்ஸென்ற சத்தம் ஒரே சீராக வந்த பிறகுதான் கிட்டே வரலாமாம். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருக்கிறது" என்றார்.

அதற்காகவாவது ஒருமுறை பற்றவைக்க ஆசைப்படுகிறேன். இது எப்படி வேலை செய்கிறது? சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் பெட்ரோலைக் கையில் பிடித்துக்கொண்டு துணி தேய்க்க எப்படித் துணிந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராமலிங்கம் (கும்பகோணம்):

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பற்றவைக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

38 வருஷம் பெட்ரோமாக்ஸ் லைட்டை வாடகைக்கு விட்டும் பழுது பார்த்தும் பிழைத்தவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் நம் பெட்ரோமாக்ஸ் குடும்பம்தான். தொட்டியில் முக்கால்வாசி எண்ணெய், மீதி இடத்தில் பம்படித்த காற்று. காற்றின் அழுத்தம் எண்ணெயை ஒரு மெல்லிய குழாய்க்குள் தள்ளும். அந்தக் குழாய் தீயின் பக்கத்திலேயே ஓடுவதால் உள்ளே வரும் எண்ணெய் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி ஊசிமுனை அளவுத் துளை வழியாகச் சீறி வெளியே வரும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போய், அடித்தகட்டுக்கு மேலே நீலமாக எரியும். தன் எண்ணெயைத் தானே காய்ச்சிக்கொள்ளும் அடுப்பு அது. ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892-இல் செய்த பிரைமஸ் ஸ்டவ்வும் இதே வழிதான். பாட்டி சொல்லும் புஸ் சத்தம் அந்தத் துளையிலிருந்து வருவது.

ஒரே வித்தியாசம், நம் லைட்டுக்கு மண்ணெண்ணெய். அது சீக்கிரம் ஆவியாகாது. அதனால் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் குழாயை முதலில் சூடுபடுத்துவோம். பெட்ரோல் அப்படியில்லை. உங்கள் நீலப் பெட்டி அனேகமாக 4ஏ மாடலாக இருக்கும். அதைத் தீக்குச்சியைக் காட்டியே பற்றவைக்கலாம். ஈயம் கலக்காத வெள்ளைப் பெட்ரோல்தான் ஊற்றினார்கள். அந்தக் காலத்தில் காரில் போட்ட ஈயப் பெட்ரோலை ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது, எப்படித் துணிந்தார்கள் என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் எதில் தேய்த்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

கனமான வார்ப்பிரும்புக் கட்டி, அதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் பெட்டி. உள்ளே தீ கிடையாது. இரண்டு மூன்று கட்டிகளைச் சமையல் அடுப்பின் மேல் காயவைத்து, ஒன்றில் தேய்த்து, ஆறியதும் அதை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். கைப்பிடியும் இரும்பு, அதுவும் சுடும். 1871-இல் அயோவா மாநிலத்தில் மேரி பாட்ஸ் என்ற இளம்பெண் கழற்றி மாட்டும் மரக் கைப்பிடிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுப்பில் மூன்று கட்டி, கையில் ஒரே பிடி. நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த மாதிரிப் பிடி ஒன்றைப் பழம்பொருள் சந்தையில் பார்த்தேன். 12 டாலர் கொடுத்து வாங்கி வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அந்த மரம் எத்தனை உள்ளங்கைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று தினமும் நினைப்பேன்.

கட்டியைச் சூடாக்க என்றே தனி அடுப்புகளும் இருந்தன. சலவைக்கடையிலும் ஹோட்டலிலும் இருந்தது கோபுரம் மாதிரி சரிந்த பக்கங்கள் கொண்ட கரியடுப்பு. சுற்றிலும் விளிம்பு இருக்கும், கட்டிகளை அதில் சாய்த்து வைத்தால் அடிப்பக்கம் முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு காயும். வீட்டுக்கு அதில் சின்னது ஒன்று. கேஸ் பர்னர் மேலோ மண்ணெண்ணெய் ஸ்டவ் மேலோ கவிழ்த்து வைக்கும் இரும்புக் கூம்பு. மூன்று நான்கு கட்டிகளை அதன்மேல் சாய்த்து வைக்கலாம். தீ நேரடியாகப் படாததால் அடியில் கரி பிடிக்காது. வெறும் அடுப்பில் காயவைத்தால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் உப்பில் உரசி, தேன்மெழுகுத் துணியில் துடைக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளைச் சட்டையில் கோடு விழும்.

ஆனால் எந்த அடுப்பாக இருந்தாலும் தேய்த்து முடிக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். தேய்ப்பவரும் அதை விட்டு நகர முடியாது. தம்பி, 1936 ஜூலையில் உங்கள் கான்சஸில் 49 டிகிரி வெயில் அடித்திருக்கிறது. அந்த மாநிலத்தில் அதுவரை பதிவான வெயிலை எல்லாம் தாண்டியது அது. அப்படி ஒரு கோடையில், ஜன்னல் வழியாகப் புழுதி வரும் சமையலறையில், எரியும் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று ஒரு குடும்பத்தின் ஒரு வாரத் துணியைத் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் பெட்டி வந்ததும் அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தேய்ப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போக முடிந்தது. என்னைக் கேட்டால் துணிச்சலுக்குக் காரணம் அதுதான். பயம் இருந்திருக்கும். அடுப்பு அதைவிடக் கொடுமையாக இருந்திருக்கும்.

மின்சாரப் பெட்டி வாங்கலாமே என்று தோன்றும். நியூயார்க்கில் ஹென்றி சீலி 1882-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கம்பி வர வேண்டுமே! 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். அதிபர் ரூஸ்வெல்ட் 1935-இல் கிராம மின்மய அமைப்பைத் தொடங்கிய பிறகுதான் கம்பம் நட ஆரம்பித்தார்கள். கம்பி வந்த வீடுகளில் முதலில் வாங்கிய சாமான்களில் ஒன்று இஸ்திரிப் பெட்டி.

இன்னொரு விஷயம். அந்தக் கோல்மன் கம்பெனி உங்கள் ஊரில் வளர்ந்தது. டபிள்யூ. சி. கோல்மன் 1900-இல் ஓக்லஹோமா பக்கம் கிங்ஃபிஷர் என்ற ஊரில் கடைகளுக்குப் பெட்ரோல் விளக்கு வாடகைக்கு விட்டுத் தொழில் தொடங்கினார். அப்புறம் விச்சிடாவுக்கு வந்தார். 1905-இல் அங்கே நடந்த ராத்திரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அவர் விளக்குகள்தான் வெளிச்சம். விளக்கு வாடகைக்காரர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

இனி, ஏன் பற்றவைக்கக் கூடாது என்பது. ஒரு கல்யாண ஊர்வலத்தில் என் கடைப் பையன் அவசரத்தில் மண்ணெண்ணெய் கேனுக்குப் பதிலாகப் பெட்ரோல் கேனைத் தூக்கி லைட்டில் ஊற்றிவிட்டான். பம்பு அடித்துத் தீக்குச்சியைக் காட்டியதும் ஆளுயரத்துக்குத் தீ. பந்தல் ஓலை கருகியது. பையனுக்கு முழங்கை வரை வெந்து, ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. மூடியும் வால்வும் நன்றாக இருந்த லைட் அது. உங்கள் பெட்டிக்கு எண்பது வயது இருக்கும். வாசர் காய்ந்து கல்லாகியிருக்கும். தொட்டிக்குள் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தொட்டி இருப்பதோ தேய்ப்பவரின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில். வேண்டாம் தம்பி.

மலர்விழி (பாளையங்கோட்டை):

ராமலிங்கம் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. தீயைப் பெட்டிக்குள் வைப்பதற்குப் பெட்ரோல் எதற்கு? எங்கள் அம்மா 26 வருஷமாகத் தள்ளுவண்டியில் தேய்க்கிறார். பித்தளைப் பெட்டி, ஏழு கிலோ. சிரட்டைக் கரிதான் போடுவார். மரக்கரி சீக்கிரம் சாம்பலாகிவிடும், சிரட்டைக் கரி நின்று எரியும். காலையில் ஒருமுறை மூட்டினால் நடுவில் கொஞ்சம் கரி சேர்த்து, பெட்டியை முன்னும் பின்னும் வீசி ஆட்டினால் போதும். அடியை வாழையிலையில் ஓட்டி எடுத்தால் வழவழவென்று போகும். வேப்பமர நிழலில் நின்று தேய்க்கிறார், எந்த அடுப்புப் பக்கத்திலும் இல்லை. வெடிக்கும் என்ற பயமும் இல்லை.

தோள்வலி உண்டு. அதை மறைக்கவில்லை.

ராமலிங்கம் (கும்பகோணம்):

நல்ல கேள்வி மகளே. கரிப்பெட்டி அவர்களிடமும் இருந்தது. புகை துணிமேல் படாமல் இருக்க முன்னால் புகைபோக்கி வைத்த பெட்டிக்கு அமெரிக்காவில் 1852-லேயே காப்புரிமை உண்டு. ஆனால் கான்சஸ் புல்வெளி நாடு. மரம் குறைவு. நம் சிரட்டைக் கரி மாதிரி நின்று எரியும் கரிக்கு அங்கே எங்கே போவது? மக்காச்சோளச் சக்கையைக்கூட அடுப்பில் போட்டு எரித்தார்கள். பெட்ரோல் அப்படியில்லை. டிராக்டரும் காரும் வந்த பண்ணையில் அது எப்போதும் கையில் இருக்கும்.

அப்புறம் சாம்பல். உங்கள் அம்மாவுக்குத் தெரியும், காற்றடிக்கும் நாளில் ஒரு பொறி வெள்ளை வேட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்று. கான்சஸில் காற்றடிக்காத நாள் அபூர்வம். பெட்ரோல் பெட்டியில் சாம்பலும் இல்லை, பொறியும் இல்லை. வால்வைத் திருகினால் சூடு கூடும், குறையும். அம்மாவின் தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுங்கள்.

கணேசன் (ஈப்போ):

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில், பாட்டி வைத்திருந்த கரிப்பெட்டிக்கு மூடி பூட்டும் இடத்தில் ஒரு பித்தளைச் சேவல் நிற்கும். அதைப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். இந்தப் பக்கம் மலாய்க்காரர் வீட்டிலும் அதே சேவல் பெட்டிதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கரிப்பெட்டியை எடுப்பார் பாட்டி. மூடிய அறையில் கரி எரிந்தால் தலை சுற்றும், ஆளையே சாய்த்துவிடும் என்பார். செல்வம், பெட்ரோலும் அதே கதைதான். வீட்டுக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செல்வம் (விச்சிடா, கான்சஸ்):

எல்லாருக்கும் நன்றி. ராமலிங்கம் ஐயா சொன்ன பிறகு பற்றவைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மூடியைத் திறந்து பார்த்தேன், வாசர் விரல் பட்டதும் பொடிந்தது. தொட்டி காலி, வாசனைகூட இல்லை. ஆனாலும் பாட்டியிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

ராமலிங்கம் (கும்பகோணம்):

அவர் கேட்டது சத்தம்தானே தம்பி, தீ இல்லையே. எண்ணெய் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். மூடிக்குப் புது ரப்பர் வாசர் ஒன்று வெட்டிப் போடுங்கள். துளையில் மெல்லிய கம்பியை விட்டு மெதுவாகக் குத்துங்கள், அழுத்தினால் துளை பெரிதாகிவிடும். பத்துப் பதினைந்து முறை மட்டும் பம்பு அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழ் வருகிறது என்று பாருங்கள். பிறகு வால்வைத் திறங்கள். வெறும் காற்றும் அதே துளை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

செல்வம் (விச்சிடா, கான்சஸ்):

ஐயா, நேற்று மாலை செய்தோம். பெட்டியைப் பாட்டியின் வராந்தாவுக்கே எடுத்துப் போனேன். வால்வுப் பக்கம் ஒரு குமிழ் வந்தது, இறுக்கியதும் நின்றது. பதினைந்து முறை அடித்துவிட்டுத் திறந்தேன். புஸ்ஸென்று கிளம்பி, அரை நிமிஷம் ஒரே சீராக வந்து, மெல்லத் தேய்ந்து நின்றது. அம்மா பற்றவைக்கும்போது இதைவிடப் பலமாகக் கேட்கும் என்றார். இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். மறுபடி வால்வைத் தொட்டபோது என் ஐந்து வயது மகள் எட்டிப் பார்க்க வந்தாள். பாட்டி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அவளைத் தனக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்திக்கொண்டார்.

ராமலிங்கம் (கும்பகோணம்):

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்சக் காற்றை இறக்கிவிட்டு, மூடியைத் தளர்த்தி வையுங்கள். வாசர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.