அண்டி ஆபீஸ் பெண்களுக்காக ஓர் உதவி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், கணக்கு எழுதுகிறேன். போன வாரம் முந்திரிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, “மக்களே, நெஞ்சில ஒரு கட்டி, எட்டு மாசமா இருக்கு. வலி இல்ல, அதான் விட்டுட்டேன்” என்றார். கையில் அந்தச் சிவந்த தோல் துகள் அப்படியே இருந்தது. மறுநாளே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். முடிவு இன்னும் வரவில்லை.

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. இது இங்கே பலருக்கும் தெரியவில்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். கூலி போகுமே என்று யாரும் போவதில்லை.

பெண் டாக்டரோ நர்ஸோ ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இங்கேயே வந்து பேசி, பரிசோதித்தும் பார்க்க முடியுமா? முதலாளி சரி சொல்லிவிட்டார், தனி அறையும் தருகிறார். தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.