'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படத்தை மாணவர்களுக்குத் திரையிடலாமா?

கேள்வி:
வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். நுண்கணிதப் பாடத்தைத் தொடங்குவதற்கு முன், 1988இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' திரைப்படத்தை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில், பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலான்டேயின் உண்மைக் கதை அது. பின்னக் கணக்கிலேயே தடுமாறும் பிள்ளைகள் குறுகிய காலத்தில் கல்லூரித் தரத்திலான தேர்வில் தேறிவிடுவதாகக் கதை செல்கிறது. பின்தங்கிய மாணவனுக்கு இது ஊக்கம் தருமா, அல்லது 'என்னால் அப்படி முடியவில்லையே' என்ற தாழ்வுணர்ச்சியை ஏற்படுத்துமா என்பதே என் தயக்கம்.

முதல் மறுமொழி:
அவசியம் காட்டுங்கள், ஆனால் படம் சுருக்கிவிட்ட ஆண்டுகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொலிவியாவில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துவந்த எஸ்கலான்டே, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே ஆசிரியராவதற்காக மீண்டும் கல்லூரியில் படித்து, 1974இல்தான் கார்ஃபீல்டு பள்ளியில் பணியில் சேர்ந்தார். 1979இல் அவரிடம் பயின்று நுண்கணிதத் தேர்வு எழுதியவர்கள் ஐந்தே பேர், தேறியவர்கள் இருவர். படம் கொண்டாடும் பதினெட்டுப் பேரின் தேர்ச்சியோ 1982இல், அதாவது அவர் பணியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில்தான் இயற்கணிதம், முக்கோணவியல் முதலிய கீழ்நிலைப் பாடங்கள் செப்பனிடப்பட்டன. சக ஆசிரியர் பென் ஹிமெனஸ், பள்ளி முதல்வர் ஹென்றி கிராடியாஸ் ஆகியோரின் துணையும், அருகிலிருந்த கல்லூரியில் நடந்த கோடை வகுப்புகளும் இல்லாமல் அவருடைய திட்டம் அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. 1991இல் எஸ்கலான்டே பள்ளியை விட்டு விலகிய பின் தேர்ச்சி எண்ணிக்கை சரிந்ததும் இதையே காட்டுகிறது: பிள்ளைகளின் திறமை மாறிவிடவில்லை, அவர்களைப் படிப்படியாக ஏற்றிவிட்ட ஏற்பாடு தளர்ந்தது. இதை அறிந்த மாணவன், தான் பின்னத்தில் தடுமாறுவதைத் தன் குறையாக அல்லாமல், கடக்கவேண்டிய முதல் படியாக எடுத்துக்கொள்வான்.

இரண்டாம் மறுமொழி:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் உங்கள் வகுப்பில் அதிக நேரம் பேசவேண்டியது மறுதேர்வுப் பகுதியைப் பற்றித்தான் என்பது என் கருத்து. 1982இல் தேறிய பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர்மீது, விடைகளில் காணப்பட்ட ஒற்றுமையைக் காட்டி, தேர்வு நிறுவனம் ஐயம் எழுப்பியது. அவர்களில் பன்னிரண்டு பேர் மறுதேர்வு எழுத, பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஏழைப் பிள்ளைகள் நன்றாக எழுதினால் முதலில் ஐயமே எழும் என்ற கசப்பை நம் மாணவர்களும் அறிந்தவர்களே. படத்தில் எஸ்கலான்டேயாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், அந்த ஐயத்தை எதிர்கொள்ளும் காட்சிகளில் கோபத்தையும் அவமானத்தையும் ஒருசேர வெளிப்படுத்துகிறார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையை அவர் பெற்றதில் எனக்கு வியப்பே இல்லை.

மூன்றாம் மறுமொழி:
ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். படத்தில் எஸ்கலான்டே மாணவர்களைப் பலர் முன்னிலையில் கேலி செய்வதும் சீண்டுவதும் உண்டு. அவர்மீது அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த நம்பிக்கை, விடுமுறையிலும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் அவர் உடனிருந்து கற்பித்ததால் விளைந்தது. அந்த உழைப்பைத் தராமல் கேலியை மட்டும் பின்பற்றும் ஆசிரியர் மாணவனை இழந்துவிடுவார். ஆகவே படத்தை மாணவர்களுடன் சேர்ந்து உங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. திரையிடுவதென முடிவு செய்துவிட்டேன். 1974 முதல் 1982 வரையிலான ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி விளக்கிவிட்டு, அதன் பிறகே படத்தைத் தொடங்குவேன். சக ஆசிரியர்களையும் அழைக்கிறேன்.