உதவி தேவை: மார்டர் கிட்டிலிருந்து அர்ஜென்டினாவின் டாம் டாங்கி, உயரம் ஒத்துவரவில்லை

மதுரைக் கிட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1970களில் விஜயந்தா டாங்கியில் லோடராக, அதாவது பீரங்கிக்குள் குண்டு ஏற்றுபவராக இருந்தவர். ஆவடியில் கட்டிய வண்டி அது. அதில் இருந்த 105 மி.மீ. எல்7 பீரங்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் சாப்பாட்டை மறந்துவிடுவார். அவருடைய 75வது பிறந்தநாளுக்கு, அந்தப் பீரங்கியைச் சுமந்த டாங்கிகளை 35இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளாக வரிசையாகச் செய்து கொடுக்க நினைத்தேன். செஞ்சுரியன், லெப்பர்ட் 1, விஜயந்தா மூன்றும் முடிந்தன. நாலாவது அர்ஜென்டினா ராணுவத்தின் டாம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

டாம் வண்டிக்கு ஜெர்மனியின் மார்டர் காலாட்படை வண்டிதான் அடிப்படை என்று படித்திருந்தேன். அதனால் மார்டர் கிட் ஒன்றை வாங்கி, டரட்டை (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்கூடு) மட்டும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டினேன். ஆனால் பார்த்தால் டாங்கி மாதிரியே இல்லை. லாரி மேல் பீரங்கியை ஏற்றி வைத்த மாதிரி நெட்டையாக நிற்கிறது. தரையிலிருந்து டரட்டின் தலை வரை 81 மி.மீ. வருகிறது. குழலும் முன்னால் 60 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், சேர்த்து வைத்த படங்களும் குழப்புகின்றன. ஒன்றில் டரட்டின் மேல்பாதி தனியாகத் தூக்கி நிற்கிறது, இன்னொன்றில் குழல் யானைத் துதிக்கை போல நீளம். எல்லாவற்றுக்கும் கீழே "அர்ஜென்டினா டாங்கி" என்றுதான் போட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. அடித்தளம் ஏற்கெனவே தயார். 1982இல் பிரிட்டனோடு நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து தீவுகள்) போர், அங்கே ஸ்டான்லி ஊருக்கு வெளியே சதுப்பு நிலம். தேங்காய் நாரைச் சாயம் போட்டுப் புல்லாக ஒட்டவே இரண்டு வாரம் ஆனது. பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

அரைமில்லி:

அண்ணே, முதலில் அளவு. டாம் டாங்கியின் உடல் நீளம் 6.77 மீட்டர், குழலோடு சேர்த்து 8.23 மீட்டர். டரட் கூரை வரை உயரம் 2.42 மீட்டர். 35ஆல் வகுத்தால் உடல் 193.4 மி.மீ., குழலோடு 235, உயரம் 69. உங்கள் வண்டி 12 மி.மீ. நெட்டை. நிஜ வண்டியில் அது 42 சென்டிமீட்டர். கண்ணுக்கு லாரியாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

காரணம், நீங்கள் மார்டரின் வீரர்கள் உட்காரும் அறையை அப்படியே விட்டுவிட்டு அதன் கூரைமேல் டரட்டை வைத்திருக்கிறீர்கள். டாம் செய்தபோது அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் இன்ஜின் இருக்கும் இடத்தையும்தான் மார்டரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மேல்பாதி வேறு. முன்தகடு நன்றாகப் படுத்த மாதிரி சாய்ந்திருக்கும். கூரையை மொத்தமாக வெட்டி எடுங்கள், பக்கச் சுவர்களை அதற்கேற்ப இறக்குங்கள். ஒரே வெட்டில் 12 மி.மீ. எடுக்க வேண்டாம். முதலில் 8 எடுத்து, டரட்டை வைத்து, அளந்து, மிச்சத்தை ராவிக்கொள்ளுங்கள்.

குழல் நீட்டிக்கொண்டிருப்பதற்கும் விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. 235இலிருந்து 193.4 போனால் முன்னால் 41 மி.மீ. சொச்சம்தான் நீட்ட வேண்டும். எல்7 குழலின் நீளம் சரியாக இருந்தால், தப்பு டரட்டின் இடத்தில். மார்டர் கிட்டில் இருந்த ஓட்டையிலேயே பொருத்தினீர்களா? அந்த ஓட்டையை மூடிவிட்டு டரட்டை 18 மி.மீ. பின்னால் தள்ளுங்கள். டாம் வண்டியின் டரட் பின்பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும். முன்னால் வலப்பக்கம் இன்ஜின், இடப்பக்கம் ஓட்டுநர்.

மதுரைக் கிட்டுக்காரன்:

அதே ஓட்டையில்தான் பொருத்தினேன். குழல் விஜயந்தாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய உலோகக் குழல், நீளம் சரி. ரொம்ப நன்றி. ஆனால் அப்பாவிடம் பேச்சுவாக்கில், இன்ஜின் முன்னால் இருக்கிற டாங்கி ஒன்று செய்கிறேன், பின்னால் கதவு கூட உண்டு என்றேன். "கதவு இருந்தா அது டாங்கி இல்லடா, வேன்" என்று சொல்லிவிட்டார். அவரை எப்படிச் சமாளிப்பது?

பழைய கவசப்படை:

தம்பி, உங்கள் அப்பா சொல்வது எனக்குப் புரிகிறது. நானும் விஜயந்தாவில் இருந்தவன்தான். நமக்கு இன்ஜின் பின்னால். லேலண்ட் எல்60 சூடாகி நின்றால் பின்னால் ஏறித்தான் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு முன்னால் இன்ஜின் வைத்த வண்டி ஒப்பாது. இஸ்ரேலின் மெர்காவாவுக்கும் இன்ஜின் முன்னால்தான், பின்னால் கதவும் உண்டு என்று சொல்லுங்கள். அதை வேன் என்று அவர் சொல்ல மாட்டார்.

டாம் ஏன் அப்படி ஆனது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். 1970களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவிடம் இருந்தவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஷெர்மன்கள். பின்னர் சிலவற்றுக்குப் பிரெஞ்சு 105 மி.மீ. பீரங்கி மாட்டி ஓட்டினார்கள். புதிய டாங்கி வேண்டும், ஆனால் 30 டன்னுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்த நாட்டுப் பாலங்களும் ரயில் பாதைகளும் 40, 50 டன் வண்டியைத் தாங்காது. 1974இல் ஜெர்மனியின் தைசன் ஹென்ஷல் நிறுவனம் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. புதிதாக அடிச்சட்டம் செய்யக் காலமும் பணமும் ஆகும், கையில் மார்டர் இருந்தது. அதனால் இன்ஜின் முன்னால் வந்தது, பின்கதவும் கூடவே வந்தது. வண்டி 30.5 டன், எம்டியு டீசல் இன்ஜின் 720 குதிரைசக்தி, வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். நம்முடைய விஜயந்தா சுமார் 39 டன். இவ்வளவு எடையைக் குறைத்தால் கவசம் மெலியும். அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கதவு வழியாகத்தான் குண்டு ஏற்றுவார்கள். 50 ரவுண்டு. விஜயந்தாவில் 44 ரவுண்டையும் டரட் மூடி வழியாக, கைமாற்றிக் கைமாற்றி மேலே தூக்கி உள்ளே இறக்கிய லோடரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு ரவுண்டு 20 கிலோ பக்கம் வரும். அவர் தோள் பதில் சொல்லும்.

ஸ்பானிஷ் வாசகி:

படங்களின் குழப்பத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: செயினுக்குள் இருக்கும் பெரிய சக்கரங்களை எண்ணுங்கள்.

ஐந்து இருந்தால், டரட்டின் மேல்பாதி தனியாகத் தூக்கி நிற்கிற உங்கள் படம், ஆஸ்திரியாவின் எஸ்கே-105 கியூராசியர். அதில் குழலும் டரட்டின் மேல்பாதியும் ஒட்டியே மேலும் கீழும் அசையும். 17 டன் சொச்சம், மூன்று பேர்தான் குழு, லோடர் கிடையாது. பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக 1978இல் சிலியோடு போர் வரும் என்ற நிலை இருந்தபோது, டாம் இன்னும் தயாராகாததால் இவற்றை வாங்கினார்கள். ஆறு இருந்தால் டாம், அல்லது அதே அடிச்சட்டத்தில் வீரர்களை ஏற்றிச் செல்லும் விசிடிபி. அதில் 20 மி.மீ. சிறிய பீரங்கிதான் இருக்கும். ஏழு இருந்தால் உங்கள் துதிக்கைப் படம். அடிச்சட்டத்தை நீட்டி, இத்தாலியின் பால்மாரியா டரட்டை ஏற்றிய 155 மி.மீ. பீரங்கி வண்டி. அது டாங்கியே இல்லை.

நீங்கள் கூரையை வெட்டாமல் வைத்திருந்தது ஏறக்குறைய விசிடிபியின் உடல். அதனால் வெட்டி எடுக்கிற கூரையைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் உதவும்.

டாம் 2சி என்று போட்ட படங்கள் இருந்தால் அவற்றையும் தள்ளி வையுங்கள். அது இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த புதுப்பிப்பு. டரட்டைத் திருப்ப ஹைட்ராலிக்குக்குப் பதில் மின்விசை, வெப்பப் பார்வைக் கருவி, பக்கத் தகடுகள் என்று வெளித்தோற்றமே மாறிவிட்டது. 1980களின் வண்டி செய்கிறவர் அதைப் பார்த்துச் செய்தால் இரண்டுமாக இல்லாமல் போகும்.

இனி அடித்தளம். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, இரண்டு வார உழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் டாம் மால்வினாஸுக்குப் போகவே இல்லை. 1982 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நடந்த அந்தப் போர் முழுக்க டாம் கண்டத்திலேயே இருந்தது. தீவுக்குப் போன ராணுவக் கவச வண்டிகள் பன்னார்ட் ஏஎம்எல்-90. நாலு சக்கரம், 90 மி.மீ. பீரங்கி, ஐந்தரை டன். ஸ்டான்லிக்கு வெளியே அந்தக் காலத்தில் சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. புல்லும் வேரும் பாதி அழுகிச் சேர்ந்த பீட் மண். ஊர்க்காரர்கள் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். ரப்பர் சக்கர வண்டிகள் அதில் இறங்க முடியாமல் ஊரைச் சுற்றியே நின்றன. பிரிட்டிஷார் கொண்டு வந்த ஸ்கார்ப்பியனும் சிமிட்டரும் 8 டன் எடையில் செயின் வண்டிகளாக இருந்ததால் அதே மண்ணில் ஓடின. ஏப்ரல் 2 காலையில் கரையேறிய பெரிய நீர்நில வண்டிகளைப் படத்தில் பார்த்து டாங்கி என்று நினைப்பவர்கள் உண்டு. அவை அர்ஜென்டினாக் கடற்படையின் கடல்வீரர்களுடையவை, ராணுவத்துடையவை அல்ல.

எனக்கு இந்த வண்டியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும். வெளிநாட்டு எதிரியோடு மோத என்று கட்டிய டாங்கி. ஆனால் 1990 டிசம்பர் 3 ராணுவக் கலகத்தின்போது ஒரு டாம், பியூனஸ் ஐரஸுக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு நகரப் பேருந்தின் மேல் மோதி ஏறியது. உள்ளே இருந்த சாதாரணப் பயணிகள் இறந்தார்கள். உங்கள் அப்பாவுக்குக் கதை சொல்லும்போது இதையும் விடாமல் சொல்லுங்கள்.

மதுரைக் கிட்டுக்காரன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பேருந்து விஷயம் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொல்வேன்.

அடித்தளத்தை என்ன செய்வது? பீட் மண்ணுக்குக் காபித்தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறேன். பிரித்தெடுத்தால் பலகையும் சேர்ந்து வரும். அதோடு அதில் நிற்க நாலு வீரர்களைச் செய்து வைத்திருக்கிறேன், கையில் பிரிட்டிஷ் எஸ்எல்ஆர் துப்பாக்கி. அதுவும் தப்பா?

அரைமில்லி:

அடித்தளத்தைப் பிரிக்காதீர்கள் அண்ணே. அதில் நிற்க ஏஎம்எல்-90தான் சரி, அந்தக் கிட் சிறியது, அடுத்த வருடம் செய்யலாம். டாமுக்குப் புதிதாக ஒரு பலகை போதும். பியூனஸ் ஐரஸ் மாகாணத்துப் புல்வெளி, காய்ந்த மண்பாதை, கம்பி வேலி. டாம் ரெஜிமென்ட்கள் அந்தச் சமவெளியில்தான் பழகின. இரண்டு நாள் வேலை.

துப்பாக்கி பாதி சரி. இரண்டு பக்கமும் பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கியைத்தான் வைத்திருந்தார்கள். அர்ஜென்டினாவுடையது ரொசாரியோ நகர ராணுவத் தொழிற்சாலையில் செய்தது, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். பிரிட்டிஷ் எஸ்எல்ஆர் ஒவ்வொன்றாகத்தான் சுடும். நம் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்ததும் அப்படித்தான். 35இல் ஒரு பங்கில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தலைக்கவசமும் உடையும் தெரியும், அதை மட்டும் அர்ஜென்டினாவுடையதாக மாற்றுங்கள்.

மதுரைக் கிட்டுக்காரன் (பதினோரு நாள் கழித்து):

கூரையை வெட்டினேன். முதல் வெட்டில் 8, அப்புறம் ராவி ராவி 11.5. இப்போது உயரம் 69.5 மி.மீ. டரட்டை 18 பின்னால் தள்ளியதும் குழல் 42இல் வந்து நின்றது. மூடிய ஓட்டையில் பட்டி காய்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது, மறுபடி பூசித் தேய்த்தேன். தள்ளி வைத்துப் பார்த்தால் தாழ்வாக, பாயப்போகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஒளித்து வைக்க முடியவில்லை, அப்பா பார்த்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் சக்கரத்தை எண்ணினார், நான் சொல்லியிருந்தேன். குழலின் நடுவில் தடித்திருக்கிற புகை உறிஞ்சியைத் தொட்டு, "இது வேலை செய்யலைன்னா டரட்டுக்குள்ள கண்ணே திறக்க முடியாது" என்றார். பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பேருந்து விஷயத்தைச் சொன்னதும் வண்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவராகவே வந்து, கதவைத் திறந்தே வை, வெளியே நாலைந்து ரவுண்டு அடுக்கு, ஒருத்தன் குனிந்து உள்ளே கொடுக்கிற மாதிரி செய் என்றார். உள்ளே இருந்து வாங்குகிற லோடரின் கையையும் காட்ட வேண்டுமாம். ரவுண்டு எவ்வளவு நீளம் வைக்கலாம்?

பழைய கவசப்படை:

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு தம்பி, 26 மி.மீ. வையுங்கள். லோடர் கையை விரித்துச் செய்யச் சொன்னாரா, மூடியா? வாங்கும்போது விரித்த கை. பிரீச்சுக்குள், அதாவது குழலின் பின்வாய்க்குள் தள்ளும்போதுதான் முஷ்டியை மூடித் தள்ளுவோம், விரித்தால் விரல் போய்விடும். அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

மதுரைக் கிட்டுக்காரன்:

கேட்டேன் ஐயா. பதில் சொல்லாமல் மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் வாங்கிக் காட்டினார், அப்புறம் முஷ்டியால் தள்ளியும் காட்டினார். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். விரித்த கையைத்தான் செய்யப்போகிறேன்.