ரிஸ்க்-வி ஜிசிசி: -எம்ஆர்ச், -எம்ஏபிஐ மாற்ற மாற்ற ஒரு பிழை போய் இன்னொன்று வருகிறது. உதவி தேவை

தறி32

வணக்கம். 32 பிட் ரிஸ்க்-வி (திறந்த பிராசசர் வடிவமைப்பு) கன்ட்ரோலர் ஒன்றுக்கான பழைய புராஜெக்டை ஜிசிசி கம்பைலர் 10-லிருந்து 13-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது. ஸ்டார்ட்அப் அசெம்பிளி, லிங்கர் ஸ்கிரிப்ட் எல்லாம் கையால் எழுதியவை. மேக்ஃபைலில் இதுவரை இருந்த ஆப்ஷன்கள்:

-எம்ஆர்ச்=ஆர்வி32ஐஎம்ஏசி -எம்ஏபிஐ=ஐஎல்பி32 -ஓ2

புதிய கம்பைலர் ஸ்டார்ட்அப் ஃபைலிலேயே நின்றுவிடுகிறது. ட்ராப் ஹேண்ட்லரின் முகவரியை வைக்கும் எம்டிவெக் ரெஜிஸ்டரில் எழுதும் சிஎஸ்ஆர்டபிள்யூ வரியைக் காட்டி, "அன்ரெகக்னைஸ்டு ஆப்கோட், எக்ஸ்டென்ஷன் இசட்ஐசிஎஸ்ஆர் ரிக்வயர்டு" என்கிறது. அதே வரி பழைய கம்பைலரில் மறுபேச்சு இல்லாமல் போனது.

இன்னொன்று. சிக்னல் பிராசசிங்குக்கு ஒரு லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். ஆர்க்கைவ் ஃபைல் மட்டும்தான் இருக்கிறது, சோர்ஸ் இல்லை. ஸ்டார்ட்அப்பை ஒதுக்கிவிட்டு மற்றதை லிங்க் செய்து பார்த்தால், "கான்ட் லிங்க் சிங்கிள்-ஃப்ளோட் மாட்யூல்ஸ் வித் சாஃப்ட்-ஃப்ளோட் மாட்யூல்ஸ்". -எம்ஏபிஐயை மட்டும் ஐஎல்பி32எஃப் என்று மாற்றினால் லிங்கர் வரை போகவே இல்லை. எஃப் எக்ஸ்டென்ஷன் (32 பிட் ஃப்ளோட் கணக்குக்கானது) -எம்ஆர்ச்சில் இருக்க வேண்டும் என்று கம்பைலரே மறுக்கிறது. சிப்பின் மேனுவலில் கோர் ஆர்வி32ஐஎம்ஏஎஃப்சி என்று போட்டிருக்கிறது.

எதை எங்கே மாற்றுவது? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதிவகம்

இரண்டும் வேறு வேறு சிக்கல். தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, உங்கள் கோடில் எந்தத் தவறும் இல்லை. பழைய ஐஎஸ்ஏ (இன்ஸ்ட்ரக்ஷன் தொகுதி) ஸ்பெக் 2.2-இல் சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு, நிலை ரெஜிஸ்டர்) இன்ஸ்ட்ரக்ஷன்களும் ஃபென்ஸ்.ஐ-யும் அடிப்படை ஐ-க்குள்ளேயே இருந்தன. 20191213 ஸ்பெக்கில் அவற்றை இசட்ஐசிஎஸ்ஆர், இசட்ஐஃபென்ஸ்ஐ என்று வெளியே பிரித்துவிட்டார்கள். 2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் 2.38-உம் ஜிசிசி 12-உம் இந்தப் புதிய ஸ்பெக்கையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆர்வி32ஐஎம்ஏசி என்று மட்டும் எழுதினால், "இந்தக் கோருக்கு சிஎஸ்ஆர் கிடையாது" என்றுதான் அசெம்பிளர் படிக்கிறது. அசெம்பிளி ஃபைலில் மட்டுமல்ல, சி கோடுக்குள் இன்லைன் அசெம்பிளியாக எம்ஸ்டேட்டஸைத் தொட்ட இடத்திலும் இதே பிழை வரும்.

பெயரை வெளிப்படையாகச் சேருங்கள்:

-எம்ஆர்ச்=ஆர்வி32ஐஎம்ஏசி_இசட்ஐசிஎஸ்ஆர்_இசட்ஐஃபென்ஸ்ஐ

-எம்ஐசா-ஸ்பெக்=2.2 என்று கொடுத்துப் பழைய வழக்கத்துக்குத் திரும்பவும் முடியும். ஒரே மேக்ஃபைல் பழைய கம்பைலரிலும் ஓட வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் அந்த வழி. ஆனால் அந்த ஆப்ஷனே ஜிசிசி 10-க்குத் தெரியாது, 11.3-க்கு முந்திய ஜிசிசியில் நீளப் பெயர்களும் சிக்கல் தரும். எனவே வெர்ஷனைப் பார்த்து ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை மேக்ஃபைலில் வைக்க வேண்டிவரும். நீங்கள் 13-க்கு முழுதாக மாறுவதால் அதற்கு அவசியமே இல்லை.

இரண்டாவது ஏபிஐ விவகாரம். அதைத் தனியே எழுதுகிறேன்.

இருமக்குறி

லிங்கர் பிழைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆப்ஜெக்ட் ஃபைலின் எல்ஃப் (ஆப்ஜெக்ட் ஃபைலின் வடிவம்) ஹெடரில் ஃபிளாக்ஸ் என்ற ஒரு வேர்டுதான் ஏபிஐயைச் சொல்கிறது. அதில் உரிய பிட்டை மாற்றி எழுதிவிட்டால் லிங்கர் வாயைத் திறக்காது. லைப்ரரியில் ஒன்றிரண்டு ஃபங்ஷன் மட்டும் வேண்டுமென்றால் அப்படிச் செய்தால் என்ன?

பதிவகம்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிங்கர் வாயைத் திறக்காது என்பது உண்மை, அதனால்தான் ஆபத்து.

ஒரு உதாரணம். லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன், முதல் ஆர்குமென்ட் ஃப்ளோட் எக்ஸ், இரண்டாவது இன்ட் என் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎல்பி32-இல் கம்பைல் ஆன உங்கள் கோடு எக்ஸை ஏ0-விலும் என்-ஐ ஏ1-இலும் வைத்து அழைக்கும். ஐஎல்பி32எஃப்-இல் கம்பைல் ஆன லைப்ரரியோ எக்ஸை எஃப்ஏ0-விலும் என்-ஐ ஏ0-விலும் தேடும். நீங்கள் 1.0, 64 என்று அனுப்பினால், அங்கே என்-இன் மதிப்பு 1065353216 ஆகிவிடும், 1.0-இன் பிட் வடிவத்தை முழு எண்ணாகப் படித்தால் வருவது அதுதான். எக்ஸாக எஃப்ஏ0-வில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று போகும். பஃபரின் நீளமாக அந்த என் பயன்பட்டால் நினைவகம் முழுவதும் எழுதித் தள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது.

-எம்ஆர்ச் என்பது கம்பைலர் எந்த இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. -எம்ஏபிஐ என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அனுமதி ஃபைலுக்கு ஃபைல் மாறலாம். சி எக்ஸ்டென்ஷனோடு (16 பிட்டாகச் சுருக்கிய இன்ஸ்ட்ரக்ஷன்கள்) கம்பைல் ஆனதையும் அது இல்லாமல் ஆனதையும் லிங்கர் தாராளமாகச் சேர்க்கும். ஒப்பந்தம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஐஎல்பி32எஃப் என்றால் 32 பிட் ஃப்ளோட்டுகளை எஃப் ரெஜிஸ்டரில் அனுப்ப வேண்டும். எஃப் ரெஜிஸ்டரே இல்லாத -எம்ஆர்ச்சோடு அதைக் கேட்டால் கம்பைலர் மறுப்பது நியாயம்தானே. உங்கள் கோரில் எஃப் இருப்பதால் எல்லா ஃபைலுக்கும் இதைக் கொடுங்கள்:

-எம்ஆர்ச்=ஆர்வி32ஐஎம்ஏஎஃப்சி_இசட்ஐசிஎஸ்ஆர்_இசட்ஐஃபென்ஸ்ஐ -எம்ஏபிஐ=ஐஎல்பி32எஃப்

எஃப் வந்தால் இசட்ஐசிஎஸ்ஆர் தானாகவே உள்ளே வந்துவிடும், ஏனெனில் எஃப்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரே ஒரு சிஎஸ்ஆர். எழுதி வைத்தாலும் கெடுதல் இல்லை. இசட்ஐஃபென்ஸ்ஐ அப்படி வராது, ஃபென்ஸ்.ஐ பயன்படுத்தினால் எழுதியே ஆக வேண்டும்.

மாற்றிய பிறகு மேக் கிளீன் கட்டாயம். ஆப்ஷன் மாறியது மேக்குக்குத் தெரியாது, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அப்படியே எடுத்து லிங்க் செய்து அதே பிழையைத் திரும்பக் காட்டும்.

கடிகாரத்துடிப்பு

பதிவகம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: லிங்க் செய்யும் வரியிலும் இதே -எம்ஆர்ச், -எம்ஏபிஐ இருக்க வேண்டும். பலர் கம்பைல் வரியில் மட்டும் போட்டுவிட்டு லிங்க் வரியில் விட்டுவிடுகிறார்கள். லிங்கரை நேரடியாக அழைக்காமல் ஜிசிசி வழியாகவே லிங்க் செய்வதும் இதற்காகத்தான். எந்த லிப்ஜிசிசி, எந்த லிப்சி என்று அந்த இரண்டு ஆப்ஷனை வைத்துத்தான் ஜிசிசி தேர்ந்தெடுக்கிறது.

உங்களிடம் இருப்பது 64 பிட் பெயரில் வரும் டூல்செயினா? அதுவும் 32 பிட்டுக்குக் கம்பைல் செய்யும், ஆனால் இயல்பு 64 பிட். லிங்க் வரியில் ஆப்ஷன் விடுபட்டால் "எல்ஃப்64-லிட்டில்ரிஸ்க்வி, எல்ஃப்32-லிட்டில்ரிஸ்க்வி பொருந்தவில்லை" என்ற ரீதியில் ஒரு பிழை வரும். அதைப் பார்த்தால் கோடைத் தோண்டாதீர்கள், லிங்க் வரியைப் பாருங்கள்.

சரிபார்க்கும் வழிகள்:

ஜிசிசி -பிரின்ட்-மல்டி-லிப் கொடுத்தால் அந்த டூல்செயினில் எந்தெந்த ஜோடிக்கு லைப்ரரி கட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஆர்வி32ஐஎம்ஏஎஃப்சி/ஐஎல்பி32எஃப் அதில் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் "கேனாட் ஃபைண்ட் சூட்டபிள் மல்டிலிப் செட்" என்று நின்றுவிடும். அப்போது வேறு டூல்செயின் எடுக்க வேண்டும், அல்லது சோர்ஸிலிருந்து மல்டிலிப்போடு கட்ட வேண்டும்.

அதே ஆப்ஷன்களோடு -பிரின்ட்-லிப்ஜிசிசி-ஃபைல்-நேம் சேர்த்துக் கொடுத்தால் உண்மையில் எந்த ஃபைலை எடுக்கிறது என்ற முழுப் பாதை தெரியும்.

ரீட்எல்ஃப் -ஹெச் கொடுத்து ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். 0எக்ஸ்1 என்றால் சி எக்ஸ்டென்ஷன், சாஃப்ட்-ஃப்ளோட். 0எக்ஸ்3 என்றால் சி, சிங்கிள்-ஃப்ளோட். 0எக்ஸ்5 என்றால் சி, டபுள்-ஃப்ளோட். உங்கள் ஆப்ஜெக்ட், அந்த ஆர்க்கைவ், லிப்ஜிசிசி மூன்றிலும் 3 வர வேண்டும். எது 1 காட்டுகிறதோ அதுதான் முரண்டு பிடிக்கிறது. ரீட்எல்ஃப் -ஏ (பெரிய எழுத்து) கொடுத்தால் -எம்ஆர்ச் சரமும் வெர்ஷன் எண்களோடு தெரியும்.

தறி32

இருவருக்கும் நன்றி. லிங்க் வரியில் -எம்ஏபிஐ இல்லாமல்தான் இருந்தது. இப்போது பில்ட் சுத்தமாக முடிகிறது, எல்லா ஃபைலிலும் 0எக்ஸ்3.

ஆனால் போர்டில் ஏற்றினால் மெயினுக்குள் போனதும் ட்ராப் ஹேண்ட்லரில் போய் மாட்டிக்கொள்கிறது. எம்காஸ் 2, எம்இபிசி (ட்ராப் நேர்ந்த முகவரி) ஒரு எஃப்எல்டபிள்யூ (ஃப்ளோட்டை ஏற்றும்) இன்ஸ்ட்ரக்ஷனைக் காட்டுகிறது. அப்படியென்றால் சிப்பில் எஃப் இல்லையா?

பதிவகம்

இருக்கிறது, இன்னும் இயக்கப்படவில்லை. எம்காஸ் 2 என்பது சட்டவிரோத இன்ஸ்ட்ரக்ஷன். எம்ஸ்டேட்டஸில் எஃப்எஸ் என்ற இரண்டு பிட் புலம், 13-ஆவதும் 14-ஆவதும், பூஜ்யமாக இருக்கும் வரை எஃப் இன்ஸ்ட்ரக்ஷன் எது வந்தாலும் கோர் இப்படித்தான் ட்ராப் அடிக்கும். கம்பைலர் இந்த பிட்டை எழுதித் தராது, அது ஸ்டார்ட்அப்பின் பொறுப்பு. ரீசெட் ஆனதும், எந்த சி ஃபங்ஷனையும் அழைக்கும் முன் இதைப் போடுங்கள்:

எல்ஐ டி0, 0எக்ஸ்2000
சிஎஸ்ஆர்எஸ் எம்ஸ்டேட்டஸ், டி0
சிஎஸ்ஆர்டபிள்யூ எஃப்சிஎஸ்ஆர், ஸீரோ

வரிசை முக்கியம். எஃப்எஸ் பூஜ்யமாக இருக்கும்போது எஃப்சிஎஸ்ஆரைத் தொட்டாலும் ட்ராப்தான். டேட்டா பகுதியை நகலெடுக்கும் லூப்பை சி-யில் எழுதியிருந்தால் அதற்கும் முன்னால் வர வேண்டும்.

எழுதிய பிறகு எம்ஸ்டேட்டஸைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பிட் நிற்காமல் பூஜ்யமாகவே இருந்தால்தான் அந்தக் கோரில் உண்மையில் எஃப் இல்லை என்று பொருள்.

கடிகாரத்துடிப்பு

ஸ்டார்ட்அப்பைத் திறந்திருக்கும்போதே ஜிபி ரெஜிஸ்டரை (குளோபல் மாறிகளுக்கான அடிப்படை முகவரி) ஏற்றும் வரியையும் பார்த்துவிடுங்கள். அதன் மேல் .ஆப்ஷன் புஷ், .ஆப்ஷன் நோரிலாக்ஸ் இரண்டும், கீழே .ஆப்ஷன் பாப்பும் இருக்க வேண்டும். இல்லையென்றால் லிங்கர் ரிலாக்ஸ் செய்யும்போது "ஜிபியை வைத்தே ஜிபியைக் கணக்கிடு" என்று அந்த வரியைச் சுருக்கிவிடும். ஜிபி ஏறவே ஏறாது, குளோபல் மாறிகள் எல்லாம் தாறுமாறான முகவரிக்குப் போகும்.

இருமக்குறி

ஃபிளாக்ஸை மாற்றும் என் யோசனையை விட்டுவிடுங்கள். 1065353216 கணக்கு அதற்குப் போதும். வேகம் பற்றி ஒன்று சொல்கிறேன். எஃப் மட்டும் உள்ள கோரில் டபுள் கணக்கு எல்லாம் சாஃப்ட்வேரில்தான் நடக்கும். ஃப்ளோட் எக்ஸை வைத்து எக்ஸ் * 0.1 என்று எழுதினால் 0.1 ஒரு டபுள். எக்ஸும் டபுளாக உயர்ந்து, எம்யுஎல்டிஎஃப்3 என்ற லிப்ஜிசிசி ஃபங்ஷனுக்குப் போய்த் திரும்பும். எண்ணின் கடைசியில் எஃப் போடுங்கள். -டபிள்யூடபுள்-புரமோஷன் வைத்தால் இப்படி உயரும் இடங்களில் எச்சரிக்கை வரும். என்எம் -யு கொடுத்து உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல்களில் எம்யுஎல்டிஎஃப்3, ஏடிடிடிஎஃப்3 தேடினால் பெரும்பாலானவை சிக்கிவிடும். முடிவான எல்ஃப் ஃபைலில் தேட வேண்டாம், பிரின்ட்எஃப் தன் பங்குக்கு அவற்றை இழுத்து வந்திருக்கும்.

தறி32

எஃப்எஸ் போட்டதும் ஓடுகிறது, லைப்ரரி தரும் விடைகளும் சரி. நோரிலாக்ஸ் ஏற்கனவே இருந்தது.

ஒரு கடைசிச் சந்தேகம். டைமர் இன்டரப்ட் வரும்போது மட்டும் எப்போதாவது ஃபில்டர் வெளியீட்டில் ஒரு மதிப்பு கெட்டுப்போகிறது. ட்ராப் ஹேண்ட்லரின் நுழைவு அசெம்பிளியில் இருக்கிறது, ஆர்ஏ, டி, ஏ ரெஜிஸ்டர்கள் 16-ஐயும் சேமித்துவிட்டு சி ஃபங்ஷனை அழைக்கிறது.

பதிவகம்

காரணம் அதுவேதான். ஐஎல்பி32-இல் அந்த 16 போதும். இப்போது உங்கள் சி ஃபங்ஷன் எஃப் ரெஜிஸ்டர்களையும் தொடலாம். எஃப்டி0 முதல் எஃப்டி11 வரை, எஃப்ஏ0 முதல் எஃப்ஏ7 வரை, மொத்தம் 20-ஐ அழைப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்; இன்டரப்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் ஹேண்ட்லர். கூடவே எஃப்சிஎஸ்ஆரையும் சேமியுங்கள்.

கணக்கு: முழு எண் ரெஜிஸ்டருக்கு 64 பைட், எஃப்புக்கு 80, எஃப்சிஎஸ்ஆருக்கு 4. இன்டரப்டுக்குள் இன்டரப்ட் அனுமதித்தால் எம்இபிசி, எம்ஸ்டேட்டஸுக்கு இன்னும் 8. மொத்தம் 156. ஸ்டாக் 16-இன் மடங்கில் நிற்க வேண்டும் என்பது ஏபிஐ விதி, ஆகவே 160 ஒதுக்குங்கள். ஸ்டாக் அளவை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் லிங்கர் ஸ்கிரிப்டில் அதையும் கூட்டுங்கள்.

இன்டரப்ட் ஃபங்ஷன் சிறியது, வேறு எதையும் அழைக்காது என்றால் அசெம்பிளி நுழைவே வேண்டாம். சி-யில் இன்டரப்ட் ஆட்ரிபியூட் போட்டால் உண்மையில் பயன்படுத்தும் ரெஜிஸ்டர்களை மட்டும் கம்பைலரே சேமித்து, கடைசியில் எம்ரெட்டும் போட்டுவிடும். அது இன்னொரு ஃபங்ஷனை அழைத்தால் 20-ஐயும் சேர்த்துச் சேமிக்கும்.

இன்டரப்ட் கோடில் ஃப்ளோட்டே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் -எம்ஆர்ச்சில் எஃப் இல்லாமல் கம்பைல் செய்து தப்பிக்கலாமே என்று தோன்றும். அது நடக்காது: -எம்ஏபிஐ ஐஎல்பி32எஃப் ஆக இருக்கும் வரை எஃப்பை எடுக்கக் கம்பைலர் விடாது, ஏபிஐயை மாற்றினால் லிங்கர் விடாது. ரெஜிஸ்டர்களைச் சேமிப்பதே பாதுகாப்பான வழி.