அயர்லாந்துக் கிராமங்களின் சகுன நம்பிக்கைகள்

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகர்):
அயர்லாந்தில் வயல் நடுவே தனித்து நிற்கும் ஹாதார்ன் முள்மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்களே, நம் சேர்வராயன் மலையில் சாமி மரத்தைத் தொடாததைப் போன்றதா இது?

மறுமொழி (ஏற்காட்டுக்காரர்):
ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அங்கே மரத்தில் உறைவதாக நம்பப்படுவது தெய்வமன்று, சீண்டினால் பழிவாங்கும் மாய மாந்தர். கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்னுமிடத்தில் இத்தகைய மரமொன்றைக் காக்க 1999-இல் கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்ததன் பின், நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றி மரத்தை விட்டுவைத்தார்கள். சாலை விரிவாக்கத்தில் நாம் இழந்த புளியமரங்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

மறுமொழி (சூரமங்கலம் ஆசிரியை):
மே முதல் நாளன்று பாலையோ நெருப்பையோ வீட்டுக்கு வெளியே கொடுத்தால், அவ்வாண்டு வெண்ணெய் திரளும் யோகமும் கூடவே போய்விடும் என்று அஞ்சினார்கள். விளக்கு வைத்தபின் உப்பு, தயிர் கேட்டால் நம் பாட்டிமார் கைவிரிப்பதும் இதே கணக்குத்தான். ஒற்றை மேக்பை பறவை கண்ணில் பட்டால் துக்கம், இரண்டானால் மகிழ்ச்சி. நம் பள்ளிப் பிள்ளைகள் மைனாவைப் பார்த்துச் சொல்வதும் அச்சு அசலாக அதுவே.