எட்டு மணிச் செய்தியும் ஐந்து வயதுப் பையனும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் திண்டுக்கல், கூட்டுக் குடும்பம். பையன் யூகேஜி. ஹாலில் ஒரே டிவி, கேபிள் செட்டாப் பாக்ஸ். மாமனார் இரவு 8 மணிக்குச் செய்தி வைப்பார், அதில் சிசிடிவியில் பதிவான வெட்டுக்குத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

மூன்று வாரமாக நடுராத்திரியில் எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் படுக்கிறான். பாத்ரூமுக்குத் தனியாகப் போவதில்லை. போன ஞாயிறு தங்கச்சி மேல் ஸ்கேலை ஓங்கி "வெட்டிருவேன்" என்றான், அவளுக்கு இரண்டு வயசு, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றாள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1961-ல் பண்டுரா என்ற உளவியலாளர் செய்த சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே மாதிரி அடித்தார்கள் என்று பி.எட்.டில் படித்தேன், அதுதான் நினைவுக்கு வந்தது.

சேனலுக்கு லாக் போட்டேன், மாமாவுக்கும் பின் நம்பர் கொடுக்க வேண்டியதாயிற்று. அவரிடம் சொன்னேன், நாலு நாள் சத்தத்தைக் குறைத்தார், படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறைக்குள் வைத்துக் கதை சொன்னால், செய்தி மியூசிக் கேட்டதும் ஓடிவிடுகிறான். குழந்தை டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை, தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியை நிறுத்துங்கள் என்றார். சினிமாவுக்காவது யு/ஏ 7+, 13+, 16+ என்று சான்றிதழ் உண்டு, செய்திக்கு அதுவும் இல்லை.

மாமாவுக்கு 74 வயது, பார்வை மங்கல், பேப்பர் படிக்க முடியாது. டிவி செய்தியையும் பிடுங்க எனக்கு மனசில்லை.

இதே நிலையில் இருந்தவர்கள், பெரியவர் மனசு நோகாமல் இந்தச் செய்தி பிள்ளை கண்ணில் படாதபடி எப்படிச் செய்தீர்கள்?