முப்பரிமாண மாதிரியா, வனையுருவா?

ஐயா வணக்கம்,

நீங்க தயாரிக்கிற அறிவியல் முகாம் கையேட்டுல, கம்ப்யூட்டர்ல செய்ற 3டி மாடலிங்குக்கு 'முப்பரிமாண மாதிரியமைத்தல்'னு போட்டிருந்தத பாத்தேன். முப்பரிமாணம் ஓகே, தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கே தெரியும், இந்த மாதிரிதான் உறுத்துது. ரத்த மாதிரின்னா லேப்புக்கு போற சாம்பிள், மாதிரி வினாத்தாள் வேற, 'அந்த மாதிரி' வேற. மருத்துவ ஆராய்ச்சி பக்கத்துல 'நோயாளியின் எலும்பு மாதிரி'ன்னு வந்தா வெட்டி எடுத்ததா கம்ப்யூட்டர்ல செஞ்சதான்னு யாருக்கு லா தெரியும்? மலாய்க்காரங்க பெமொடெலான்னு முடிச்சிட்டாங்க, நம்மளும் மாடலாக்கம்னு போட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டாரு. நம்ம ஆளுங்களுக்கு மாடல்னா விளம்பரத்துல நிக்கிற பொண்ணு, வேணாமே.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரில டிசைன் வேலை பாக்குறவன். கம்ப்யூட்டர்ல முதல்ல ஸ்கெட்ச் போடுவோம், அத இழுத்து தடிமன் குடுப்போம், துளை போடுவோம், ஓரத்த உருட்டுவோம், எல்லாத்துக்கும் அளவு உண்டு, 6 மில்லிமீட்டர் துளைய 8 ஆக்குனா அத நம்பியிருக்கிற மத்ததும் தானா மாறும், மாற முடியலன்னா செஞ்ச வேலையெல்லாம் வரிசையா காட்டுற ஸ்கிரீன் ஓரத்து பட்டியல் பூரா பிழைன்னு செவப்பாகி அன்னிக்கி ஓவர்டைம்தான். 1963ல ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவுல எம்ஐடில செஞ்ச ஸ்கெட்ச்பேட்ங்கிற வரையிற சாஃப்ட்வேர்லயே ரெண்டு கோட்ட இணையா இருன்னு கட்டிப்போடுற வசதி இருந்துச்சு, இன்னிக்கும் அதே கதைதான். குயவர் பானை வனையிற மாதிரி (பாருங்க, இங்கயும் மாதிரி வந்துருச்சு) நம்ம மனசுல உள்ளதுக்கு உருவம் குடுக்கிறோம். அதனால செய்ற வேலைக்கு வனைவு, செஞ்சு முடிச்சதுக்கு வனையுரு. என்ன சொல்றீங்க?

---

அண்ணே, வனையுரு அழகா இருக்கு, உங்க ஃபேக்டரிக்கு சரி. நான் கோலாலம்பூர்ல மருத்துவ ஸ்கேன் பக்கம் வேலை செய்றேன், எங்களுக்கு ஒட்டாது.

சிடி ஸ்கேன்ல வர்றது அடுக்கடுக்கா வெட்டுப்படம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், சிடி ஸ்கேன உருவாக்குனதுக்கு 1979ல நோபல் வாங்குன ஹவுன்ஸ்ஃபீல்டு பேர்ல, தண்ணி 0, காத்து மைனஸ் 1000, எலும்பு சில நூறுக்கு மேல. 'இந்த எண்ணுக்கு மேல எல்லாம் எலும்பு'ன்னு சொன்னா சாஃப்ட்வேர் மேல்பரப்ப முக்கோணம் முக்கோணமா கோத்து குடுத்துடும். கேக்க சுலபம். ஆனா கண்ணுக்குழியோட அடித்தளத்துல எலும்பு ரொம்ப மெல்லிசு, 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, கீழ சைனஸ்ங்கிற குழில காத்து, ஒரே புள்ளிக்குள்ள எலும்பும் காத்தும் கலந்து எண் எறங்கிடும், சாஃப்ட்வேர் அங்க ஒண்ணுமில்லன்னு ஓட்டை போட்டுரும். நல்லா இருக்கிற ஆளுக்கு எலும்பு ஒடஞ்ச கணக்கா தெரியும். அப்புறம் அடுக்கு அடுக்கா உக்காந்து கையால அடைக்கணும். பல்லுல மெட்டல் அடைச்சிருந்தா தாடை பூரா கோடு கோடா வரும், அத பத்தி பேசவே வேணாம்.

இதுல நாங்க எங்கண்ணே வனையிறோம்? ஏற்கெனவே உள்ளத மீட்டு எடுக்கிறோம். மீட்டுருவாக்கம்னு சொல் இருக்கே, அதுல வர்றத மீட்டுருன்னு சொல்லலாம்.

---

தங்கச்சி சொல்றது நியாயம், அப்ப ரெண்டும் வேணும் ஐயா. விபத்துல மண்டையோட்டுல ஒரு பக்கம் எலும்பு போனவங்களுக்கு டைட்டானியம் தகடு செய்வாங்க இல்ல, ஸ்கேன்லருந்து மண்டையோட்ட எடுப்பாங்க, நல்லா இருக்கிற பக்கத்த அப்படியே எடவலமா திருப்பி காலியான எடத்துல வச்சு, அந்த வளைவுக்கு தகடு வரஞ்சு, ஓரம் ஒட்டுதான்னு பாத்து, திருகாணி துளை எங்கன்னு முடிவு பண்ணுவாங்க. மண்டை மீட்டுரு, தகடு வனையுரு. மண்டைய நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது, தகட்ட மாத்தலாம். ரெண்டுக்கும் மாதிரின்னே போட்டா இந்த வித்தியாசம் பிள்ளைங்களுக்கு எப்படி புரியும்? ஓட்டைய கையால அடைக்கிறது வனைவா மீட்பான்னு மட்டும் கேட்டுராதீங்க, அது எனக்கும் கொழப்பம்தான்.

---

தம்பி, மகளே, ரெண்டு சொல்லையும் ஏத்துக்கிட்டேன். மண்டையோடு, தகடு உதாரணத்தையே கையேட்டுல போடுறேன், படம் யாராவது வரஞ்சு குடுங்க. பொதுப்பேரா தலைப்புல மட்டும் 'முப்பரிமாண உருவமைப்பு'ன்னு விடுறேன், மாதிரி எங்கயும் வராது. மேல்பரப்ப முக்கோணமா கோக்குற அந்த மெஷ்ஷுக்கு இப்போதைக்கு முக்கோண வலைன்னு வச்சிருக்கேன், அடுத்த வாரம் அச்சுக்கு போகுது, அதுக்குள்ள நல்லதா கெடச்சா எழுதுங்க.